தாழ்த்திப் பிடித்த குடை

மல்லாவியில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்த காலத்தில் நான் சாராயத்துக்கு அடிமையாகியிருந்தேன். இதை இதுவரை எவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. கல்லூரியில் படித்தவன் என்ற மதிப்பைக் காப்பாற்ற, மாலையில் கந்தோர் வேலை முடிந்ததும் முகம் தெரியாதபடி குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு சாராயத் தவறணைக்குப் போவேன். கோயிலில் மூன்று முறை சத்தியம் செய்தும் விட முடியவில்லை.

ஒருநாள் வழியில் புடவைக்கடை முஸ்லிம் வியாபாரி என்னை மறித்தார். அருகில் ஒரு விதவைப் பெண் நின்றார்.

"ஐயா, இந்த அக்காவுக்குக் காணி மனு ஒண்டு எழுதவேணும்."

"நாளைக்குப் பார்ப்பம்."

வியாபாரி என் காதருகே குனிந்தார். "நாளைக்கும் இந்த நேரம் தவறணைக்குத்தானே போவீங்கள்? மழையுமில்லை, வெயிலுமில்லை. குடை பிடிக்கிறவர் இந்த ஊரிலை நீங்கள் ஒராள்தான்."

எனக்கு முகம் சுட்டது. அவரோ கடை வாசலில் கதிரையை இழுத்துப் போட்டார்.

"நானும் சுருட்டுக்காரனா இருந்தனான், ஐயா. நோன்பிலை பகல் முழுக்கத் தாங்குவன். நோன்பு திறந்த உடனை கை சுருட்டைத் தேடும். அந்த ஒரு மணித்தியாலம் பள்ளிவாசலிலை கஞ்சிச் சட்டி கழுவப் போனன். விட்டுப்போச்சு. உங்களுக்கும் அந்த ஒரு மணித்தியாலந்தான்."

அமர்ந்தேன். அவசரத்தில் முதல் தாளில் மை சிந்தியது. அந்தப் பெண் வேறு தாளை நீட்டி, "ஆறுதலா எழுதுங்கோ, ஐயா" என்றார். எழுதி முடித்தபோது பொழுது பட்டிருந்தது. நேரே வீட்டுக்குப் போனேன்.

அதன்பின் மாலைதோறும் அங்கே மனு எழுதினேன். இரண்டு முறை தவறிக் குடித்தேன். மறுநாளும் கதிரை போடப்பட்டிருந்தது, எவரும் காரணம் கேட்கவில்லை. மூன்றாம் முறை நேரவில்லை.

என் மானத்தை என் குடை காத்ததாகவே நம்பியிருந்தேன். அதைக் காத்தவர்கள், எல்லாம் தெரிந்தும் என்னை "ஐயா" என்றே அழைத்துவந்த அந்த ஊரார்.