ஐம்பத்து மூன்றாம் கட்டம்

அச்சகத்தில் எல்லோரும் அவளைப் 'புரூஃப் அக்கா' என்றே கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடச் சுவர்களில் மாட்டும் பெரிய படத்தாள்கள் அச்சடிக்கும் இடம் அது. பறவைகள், பழங்கள், எலும்புக்கூடு, கோள்கள், தனிம வரிசை அட்டவணை. மை ஏறும் முன் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணையும் பார்த்துப் பிழை பிடிப்பது அவள் வேலை. "அவ கண்ணுல மண்ணத் தூவ முடியாது" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

தனிம அட்டவணைதான் அவளுக்குப் பிடித்த தாள். பள்ளியில் படித்த வேதியியல் அவ்வளவாக நினைவில்லை. ஆனால் எந்தக் கட்டத்தில் யார் என்பது தெருவின் வீட்டு எண்களைப் போல மனப்பாடம். அதே தாளில்தான் ஒருமுறை சறுக்கியும் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐம்பத்திரண்டாம் கட்டத்து டெல்லூரியத்தின் எடை, ஐம்பத்து மூன்றாம் கட்டத்து அயோடினின் எடையைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தது. எண் ஏற ஏற எடையும் ஏறத்தானே வேண்டும் என்று இரண்டையும் இடம் மாற்றிவிட்டாள். அச்சடித்த தாள்கள் அத்தனையும் திரும்பி வந்தன.

முதலாளி திட்டவில்லை. பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம் கேட்டு வந்ததை அப்படியே ஒப்பித்தார். "வரிசை எடைய வெச்சு இல்லையாம்மா. உள்ள எத்தனை புரோட்டான் இருக்கோ, அதை வெச்சாம். அந்த எண்ணுதான் ஆளு. எடை கூடலாம், குறையலாம். எண்ணு மாறினா ஆளே மாறிடுவானாம்."

பாழான தாள்களில் ஒரு கட்டை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மகளின் பாடப்புத்தகங்களுக்குப் பல ஆண்டுகள் அதுதான் அட்டை.

அந்த மகள் கல்யாணமாகி, கணவனோடு அதே வீட்டின் மாடியில் குடியிருந்து, வயிற்றில் ஐந்து மாதமாக இருந்த நேரத்தில்தான் புரூஃப் அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டது. தைராய்டில் புற்றுநோய் என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். மிச்சம் மீதி எங்காவது ஒளிந்திருந்தால் அதை அழிக்கக் கதிர்வீசும் அயோடினை விழுங்க வேண்டும் என்றார் மருத்துவர். அயோடின் என்றதும் அவள் வாய் தன்னால் முணுமுணுத்தது: "ஐம்பத்து மூணு."

"என்ன?" என்றார் மருத்துவர்.

"ஒண்ணுமில்ல டாக்டர்."

சிகிச்சைக்கு முன்னால், அறுவைக்குப் பிறகு தினம் போட்டுவந்த தைராய்டு மாத்திரையைச் சில வாரம் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரங்களில் உலகம் மெதுவானது. தண்ணீருக்குள் நடப்பது போல நடந்தாள். பேச ஆரம்பித்தால் சொல் வந்து சேர்வதற்குள் கேட்டவர் நகர்ந்துவிடுவார். புரூஃப் பார்க்கையில் கோள்கள் தாளிலிருந்து மெல்ல எழுந்து மேசைமேல் உருள்வதாகத் தோன்றி, தலை கவிழ்ந்து தூங்கிப்போனாள். முதலாளி மின்விசிறியைக் குறைத்து வைத்துவிட்டுப் போனார்.

மருத்துவமனையில் அவளுக்குக் கொடுத்த அறையின் சுவருக்குள்ளும் கதவுக்குள்ளும் ஈயம் இருந்தது. தொலைபேசி, கட்டில், நாற்காலி எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை. ஈயக் குடுவையிலிருந்து ஒரு மாத்திரையை நீட்டிய செவிலி, அவள் விழுங்கியதும் இரண்டே எட்டில் வெளியே போய்விட்டாள். யாரும் அவளைப் பார்த்து இப்படி ஓடியதில்லை.

வாசலில் வந்து நின்று எட்ட இருந்தே அவளிடமிருந்து வீசும் கதிரை அளந்தவன் ஓர் இளைஞன். அவள் வைத்த பெயர் 'மீட்டர்க்காரத் தம்பி'. அவன் கையிலிருந்த கருவி மழை பெய்வது போலப் படபடத்தது.

"தம்பி, உள்ள இருக்கிறது அயோடின்தான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

இதுவரை எந்த நோயாளியும் கேட்காத கேள்வி போலும். அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். சமவெளியில் ஒற்றைக் குன்று போல ஒரு கோடு எழுந்து இறங்கியது. "இந்த மேடு எந்த இடத்துல எழும்புதுன்னு பாக்கணும்மா. ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு இடத்துல எழும்பும். கைரேகை மாதிரி. இந்த இடத்துல இப்படி வந்தா அயோடின்."

"எவ்வளவு நாளைக்கு?"

"எட்டு நாளைக்கு ஒருக்கா பாதியாகும். அப்புறம் அதுல பாதி. நெறைய தண்ணி குடிங்க, சீக்கிரம் போயிடும்."

"போறதுன்னா எங்க போகுது?"

"பெரும்பகுதி தண்ணியோட வெளிய போயிடும். மிச்சம் உள்ளயே மாறிடும். அணுக்கருவுல ஒரு நியூட்ரான் புரோட்டானா ஆயிடும். அப்படின்னா..."

"ஐம்பத்து நாலு," என்றாள் அவள். "செனான். அடுத்த கட்டம்."

அவன் சிரித்துவிட்டான். "டீச்சரா நீங்க?"

"இல்ல தம்பி. பக்கத்து வீடு, அதான் தெரியும்." கொஞ்ச நேரம் கழித்து அடுத்த சொல் வந்து சேர்ந்தது. "செனானுக்கு மேடு எங்க வரும்?"

"வராது. அது அமைதியாயிடும். மூச்சோட கலந்து போயிடும். இந்த மீட்டருக்கு அது இருக்கிறதே தெரியாது."

அவன் போனபின் அவள் படுத்துக்கொண்டு மெதுவாக மூச்சை விட்டுப் பார்த்தாள். சன்னல் வழியாக மதிய வெயில் பிளாஸ்டிக் உறைகளில் பட்டு அறையே மீன்தொட்டி போல மின்னியது. அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்தின் கடைசி வரியாக வரும் எலக்ட்ரான் கணக்கு அவளுக்கு நினைவுக்கு வந்தது. அயோடினுக்குக் கீழே போட்டிருக்கும்: இரண்டு, எட்டு, பதினெட்டு, பதினெட்டு, ஏழு. செனானுக்குக் கடைசி எண் மட்டும் எட்டு. இத்தனை ஆண்டுகளாகத் தொலைபேசி எண்ணைச் சரிபார்ப்பது போலத்தான் அதைச் சரிபார்த்திருந்தாள். ஓர் எலக்ட்ரானுக்காக யாரையாவது பிடித்துக்கொள்ளத் துடிக்கிறது அயோடின். செனானுக்கு எட்டும் நிறைந்தாயிற்று, யாரும் வேண்டியதில்லை. தூக்கமா விழிப்பா என்று தெரியாத அந்தப் பொழுதில், பந்தி முழுதும் நிறைந்த ஒரு கூடத்தில் தான் உட்கார்ந்திருப்பதாகக் கண்டாள். யாரும் பேசவில்லை. எல்லோரும் பசியாறியிருந்தார்கள். அவளுக்கு மட்டும் அழுகை வந்தது.

தொலைபேசி அடித்தது. கணவர். தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். சன்னமாகப் பேசத் தெரியாதவர்.

"சன்னல் பக்கம் வா."

எட்டிப் பார்த்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டினார். பக்கத்தில் இன்னொருவரும் கையாட்டினார்.

"கூட யாரு?"

"தெரியாது. பஸ்ஸுக்கு நிக்கிறாரு. சொன்னேன், அவரும் ஆட்டுறாரு."

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு நிபந்தனையோடு அனுப்பினார்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கம் சில வாரம் போகக்கூடாது. எனவே மகள் மாடி முற்றத்தின் ஒரு முனையில், அவள் கீழே கொல்லைக் கதவோரத்தில். பேச்செல்லாம் கத்தித்தான்.

"அம்மா, உதைக்குது."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். விலாவுல."

"தலை கீழ வந்துடுச்சுன்னு அர்த்தம்," என்று பதில் சொன்னது எதிர்வீட்டுச் சன்னல். இரண்டே நாளில் தெரு முழுக்க அந்தக் குழந்தையின் நடவடிக்கைகள் தெரிந்துபோயின. பெயர் வைப்பதில்கூட எதிர்வீட்டுக்காரருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது.

மருத்துவர் சொன்ன தேதிக்குக் குழந்தை காத்திருக்கவில்லை. ஒரு காலையில் மகளுக்கு வலி எடுத்தது. மருமகன் வண்டியை எடுக்க, கணவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓட, மகள் படியிறங்கி வந்தாள். அம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். கை தானாக நீண்டது. அதைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, பயமா இருக்கு."

"மூச்ச மெதுவா விடு. நானும் இங்கிருந்து விடுறேன்."

வண்டி போனதும் வீடு முழுவதும் தண்ணீரில் மூழ்கியது போல ஆனது. துவைக்காத துணியை எல்லாம் துவைத்தாள். உலர்ந்ததை மறுபடி மடித்தாள். மாலையில் கணவர் போனில் கூவினார்: "பொண்ணு. கொஞ்சம் சின்னது. ஆனா குரல் என் குரலு."

குழந்தை வீட்டுக்கு வந்த பின்னும் அவள் கொல்லைப்புற அறையிலேயே இருந்தாள். அழுகையை வைத்தே பசியா, ஈரமா, தூக்கமா என்று பிரித்து, கீழிருந்து குரல் கொடுப்பாள். முக்கால்வாசி சரியாக இருக்கும். "பார்க்காமலே புரூஃப் பாக்குற," என்றார் கணவர்.

குறித்த நாளில் மருத்துவமனைக்குப் போனாள். மீட்டர்க்காரத் தம்பி கருவியை முதலில் வெற்று நாற்காலிக்கு நேராகப் பிடித்தான். டக். நெடுநேரம் கழித்து, டக். பிறகு அவள் கழுத்தருகே கொண்டுவந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டக். நீண்ட மௌனம். டக்.

"நாற்காலிக்கும் உங்களுக்கும் பெரிசா வித்தியாசம் இல்லம்மா."

"என் வீட்டுக்காரர் ரொம்ப நாளா அதத்தான் சொல்றாரு."

அவன் சிரித்து, திரையைக் காட்டினான். குன்று இருந்த இடத்தில் தரை.

வீட்டுக்கு வந்து, குளித்து, மாடிப்படியில் ஒரு படி நின்று ஒரு படி ஏறினாள். மகள் குழந்தையோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். அம்மா வாசலில் தயங்கி நின்றதைப் பார்த்து, நகர்ந்து இடம் விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்ததும் மகளின் தலை அவள் தோளில் சாய்ந்தது.

"வாங்கிக்கோம்மா, கை வலிக்குது," என்று கத்தாமல் சொல்லி, மகள் குழந்தையை நீட்டினாள்.