ஜைனம்பு ராத்தா வீட்டு டிவியும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

சூடேறிய தூசியின் வாசனைதான் முதலில் வரும். குமிழைத் திருகியதும் பெட்டிக்குள் எங்கோ வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒரு சத்தம் எழும்பி, பின்பக்கத்து வால்வுகள் மெல்லச் சிவந்து, அவற்றின்மேல் படிந்த தூசி கருகும் மணம் கூடமெங்கும் பரவிய பிறகுதான் சாம்பல் நிறத் திரையில் மனிதர்கள் தோன்றுவார்கள். மலாயா விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள்கூட நிறையாத காலம் அது. மலாக்கா காஜா பேராங்கில் எங்கள் வரிசை வீடுகளிலேயே அந்தப் பெட்டி இருந்தது ஜைனம்பு ராத்தா வீட்டில் மட்டும்தான்.

ராத்தாவின் கணவர் காதர் பாய்க்குப் பண்டார் ஹிலிரில் ஜவுளிக்கடை. ராமநாதபுரத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து கல்யாணம் முடித்துக் கூட்டிவந்த இளம் மனைவி, அவர் கடைக்குப் போனதிலிருந்து திரும்பி வரும்வரை பேச ஆளில்லாமல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அதை வாங்கிப் போட்டார். 'ராத்தா' என்றால் அவர்கள் வழக்கில் அக்கா. அடுத்த வீட்டு இந்துப் பிள்ளையான என்னையும் அப்படியே கூப்பிடச் சொல்லியிருந்தார்.

தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறவர்கள் முதலில் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் "ரிமூ கிளாஸ்". அந்த வகுப்பில் ஆங்கிலம் பிடிபடாமல் நான் விழி பிதுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த அப்பா, "பாஷை சுசாவா இருந்தா பேசாம வீட்டோட இருந்திடட்டும்" என்று சொல்லிவிட்டார். கஷ்டம் என்பதற்கான அந்த மலாய்ச் சொல் எனக்கு இடிபோல் விழுந்தது. அம்மாதான் வழி கண்டுபிடித்தார்.

"பாய் வீட்டு டிவியில எப்பவும் இங்கிலீசுதானே பேசுறாங்க, போய்க் கேட்டுட்டு வா. கிட்ட உக்காராத, கண்ணு கெட்டுடும்."

ராத்தாவுக்கு ஆங்கிலம் அறவே தெரியாது. எனக்கோ பூனை, நாய், நாற்காலி அளவுக்குத்தான் தெரியும். குதிரைவீரர்கள் சுட்டுக்கொள்ளும் நாடகம், மருத்துவமனை நாடகம், வக்கீல்கள் வாதாடும் நாடகம் என்று எதுவானாலும் இருவரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, நடிகர்களின் முகத்தைப் பார்த்தே கதையை நாங்களாகக் கட்டிக்கொள்வோம். "அந்தக் குச்சிக்காலன்தான் களவாண்டிருப்பான் புள்ள, முழியைப் பாரு" என்பார் ராத்தா. சொற்களுக்கும் இப்படித்தான் பொருள் கண்டோம். கரண்டிக்கு ஆங்கிலம் தெரியாத எனக்கு, சாட்சிக்கும் குற்றவாளிக்கும் தெரிந்திருந்தது.

வக்கீல் நாடகத்தில் அடிக்கடி ஒருவர் நாற்காலியிலிருந்து விருட்டென்று எழுந்து "அப்ஜெக்‌ஷன்!" என்பார். எழுந்து நிற்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். அப்போது ராத்தா பிள்ளை உண்டாகியிருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாயிலிருந்து எழும்போதெல்லாம் "அப்ஜெக்‌ஷன்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

ஒருநாள் வகுப்பில் ஆசிரியை என் பெயரைக் கூப்பிட, நானும் எழுந்து நின்று கம்பீரமாக அந்தச் சொல்லைச் சொன்னேன். மலாக்காப் போர்த்துகீசியர் வழியில் வந்த அந்த அம்மையார் முதலில் திகைத்தார், சிரிக்கவில்லை. எங்கே கற்றேன் என்று கேட்டு, டிவியில் என்று தெரிந்ததும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, பாதி மலாயிலும் பாதி சைகையிலும் விளக்கினார். ஒருவர் சொல்வதை நாம் ஏற்கவில்லை என்று எல்லார் முன்னிலையிலும் சொல்வதாம் அது.

அன்று மாலை அதைச் சொன்னால் ராத்தா விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ ஊறவைத்த அரிசியில் கை அளைந்தபடி யோசனையில் ஆழ்ந்துவிட்டார்.

"பெரியவங்க சொன்னாலுமா சொல்லலாம்?"

"ஜட்ஜுகிட்டயே சொல்றாங்களே, ராத்தா."

"பொம்பளைங்க?"

"சொல்லிக் குடுத்த டீச்சரே பொம்பளதானே!"

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு மாலை, மூவாரில் கடை வைத்திருந்த பாயின் அண்ணன் வந்திருந்தார். ஆண்கள் கூடத்தில் நாற்காலியில் இருந்தார்கள். ராத்தா வழக்கப்படி உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால். நான் மட்டும் சத்தம் குறைத்த டிவியின் முன்னால்.

"தலைப்பிரசவம். ஊருலதான் நடக்கணும். அடுத்த கப்பல்ல ஏத்தி விட்டுடு" என்றார் அண்ணன். பாய் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் காலத்தில் அப்படிப் போகிற பெண்கள் திரும்பி வருவது எளிதல்ல. குடிநுழைவு விதிகள் இறுகிக்கொண்டிருந்தன. கணவன் இங்கும் மனைவி அங்குமாகப் பாதி ஆயுளைக் கழித்தவர்கள் ஏராளம். அத்தகைய பெண்கள் நிறைந்த தெருவில் வளர்ந்தவர் ராத்தா.

திரைச்சீலை அசைந்தது.

"அப்ஜெக்‌ஷன்."

நடுங்கினாலும் தெளிவான குரல். "என்ன சொல்றா?" என்று அண்ணன் தம்பியைப் பார்க்க, தம்பி என்னைப் பார்த்தார்.

"வக்கீல் சொல்ற வார்த்தை, பாய்" என்றேன். "ஒத்துக்க மாட்டேன்னு அர்த்தம்."

கணவனின் மூத்தவரிடம் அதைத் தமிழில் சொல்ல ராத்தாவுக்கு வாய் வந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. சொல்லியிருந்தாலும் மரியாதையும் மன்னிப்பும் சேர்ந்து பாதியிலேயே கரைந்திருக்கும்.

அண்ணன் தேநீரைத் தொடாமல் எழுந்தார். "எல்லாம் இந்தப் பெட்டி பண்ற வேலை. மொதல்ல இத எடுத்துப்போடு" என்றார். பாயோ, "பெட்டிய நீங்க எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே. அவ இங்கயே இருக்கட்டும்" என்றார். மறுநாள் வேன் வந்து டிவியை ஏற்றிக்கொண்டு மூவாருக்குப் போனது. நான் தெருமுனை வரை அதன் பின்னாலேயே ஓடினேன். ராத்தா வாசலுக்குக்கூட வரவில்லை. உள்ளே தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

அன்று மாலை பாய் எங்கள் வீட்டுக்கு வந்து, "பிரசவத்துக்கு நீங்க கூட இருந்தாப் போதும்க்கா" என்று அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அதுக்கென்ன தம்பி, நான் இருக்கேன்" என்று அம்மா அப்போதே ராத்தாவைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். குழந்தை மலாக்கா மருத்துவமனையில் பிறந்தது, ஆண். ஆண்டிறுதியில் நான் புகுமுக வகுப்பில் தேறினேன். அப்பாவும் என் படிப்பை நிறுத்தும் பேச்சை எடுக்கவில்லை.

எங்கள் வரிசை வீடுகள் இன்று பயணிகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. பிற்காலத்தில் கூரைதோறும் முளைத்த ஏரியல் கம்பங்கள் ஒன்றுகூட இல்லை. ராத்தா இந்த மண்ணிலேயே வாழ்ந்து, இங்கேயே அடக்கமானார். அண்மையில் செமாபோக்கில் உள்ள அவர் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரளவு திரையில் ஏதோ ஆங்கில நாடகம் ஓட, பேரப்பிள்ளைகள் வரிக்கு வரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் எல்லாம் புரிந்தது, நானும் சிரித்தேன். கதை என்ன, சொல்லுக்குப் பொருள் என்ன என்று அந்தக் கூடத்தில் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.