மதர்போர்டுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூசை என்றால் எங்கள் வீட்டில் அரிவாள்மனைக்கும் பொட்டு உண்டு, சைக்கிளுக்கும் உண்டு. அப்பா ராஜபாளையத்தில் பார்த்த மில் வேலை போய், ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்த வருடம் அது. சென்டர் வைக்கச் சொன்னதே அம்மாதான். பூசையன்று அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைக்கச் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். வெளித் தகரத்தில் வைத்தால் போதாதா என்று கேட்டார் அப்பா.

“சட்டைக்கா பொட்டு வைப்பாக? உள்ள இருக்குறதுதான வேல பாக்குது. தெறந்து விடுங்க.”

அப்பா ஸ்குரூவைக் கழற்றினார். மதர்போர்டின் நட்டநடுவில் அம்மா தாராளமாகவே சந்தனம் வைத்தாள். மறுநாள் சுவிட்சைப் போட்டால் கம்ப்யூட்டரில் அசைவே இல்லை.

வாரண்டி இருந்தது. அப்பா சந்தனத்தைத் துடைத்துவிட்டு, சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு அதை வாங்கிய கடைக்கு ராஜபாளையம் பஸ் ஏறினார். துணைக்கு நான். போர்டைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார் கடைக்காரர். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னார். அதற்கடுத்த வாரம் கடையே பூட்டியிருந்தது. எனக்கு அந்தப் பஸ்ஸைப் பார்த்தாலே அலுப்பு வந்தது. கம்ப்யூட்டர் இல்லாத கம்ப்யூட்டர் சென்டரைக் காலையில் திறந்து, பெருக்கி, அப்பா சும்மா உட்கார்ந்திருப்பார். பயோடேட்டா அடிக்க வந்தவர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். நாம் சொல்லித்தானே இந்தத் தொழில் என்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் போர்டு திரும்பி வந்தது. கடைக்காரர் அதைத் திருப்பிக் காட்டினார்.

“ஈரம் பட்டிருக்குன்னு கம்பெனில தள்ளிட்டாங்க அண்ணாச்சி. இடுக்குல பூரா மஞ்சளா காஞ்சு கெடக்கு பாருங்க. யாரு வச்சது?”

“நாந்தான் வச்சேன்” என்றார் அப்பா.

நான் வாயைத் திறப்பதற்குள் என் தோளை அழுத்தினார். வாரண்டியைப் பற்றி அவர் அதற்குமேல் பேசவில்லை. யாரோ கழற்றிப் போட்டிருந்த பழைய போர்டு ஒன்றை மாட்டச் சொன்னார். திரும்பும்போது பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார்.

வீட்டில், “கம்பெனிக்காரன் புதுசு மாத்திக் குடுத்துட்டான்” என்றார்.

அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. “சாமி கைவிடல பாத்தியளா? பொட்டு வச்சது வீண் போகல” என்றாள்.

அடுத்த ஆயுத பூசைக்கும் கிண்ணம் வந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஸ்குரூவைக் கழற்றி, அம்மாவின் விரலைப் பிடித்து, போர்டைத் தாண்டி உள்தகரத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

“இதுதான் அதுக்கு நெத்தி. இங்க வையி.”

அம்மா அங்கேயே வைத்துக் கும்பிட்டாள். ஒரு பொட்டைத் தடுக்கக்கூடத் தைரியம் இல்லாத மனுசர் என்று அன்று அப்பாவை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு இருந்தது பயம் என்றுதான், நானும் ஒரு குடும்பஸ்தன் ஆகும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.