பனியில் போட்ட நாற்காலி

அலங்காநல்லூர் போகிற ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் இருக்கிறது. பொங்கலுக்கு அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

நம்ம ஊரில் ஃப்ளெக்ஸ் என்ன அதிசயமா? காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ், கல்யாணத்துக்கு ஃப்ளெக்ஸ், காளை மாட்டின் பிறந்த நாளுக்குக்கூட ஃப்ளெக்ஸ்... (பெர்மிஷன் வாங்கினார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.) ஆனால் இது வேறு மாதிரி. உடம்போடு ஒட்டிய டிரஸ்ஸில் ஒரு வாலிபன். காலில் நீளமாக இரண்டு பட்டை, கையில் இரண்டு கம்பு, சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பனி. கீழே கைகூப்பியபடி ஒரு பெரியவர். அவருக்குப் பக்கத்தில், ஒரு பலத்துக்கு, வீட்டுக் காளையின் படம்.

'சர்வதேசப் பனிச்சறுக்குப் போட்டியில்' என்று தொடங்குகிறது வாசகம். அப்புறம் 'முதலிடம்' என்று பெரிய எழுத்தில் ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்கு முன்னால் வேறு கலரில் ஒரு ஸ்டிக்கர், கொஞ்சம் கோணலாக ஒட்டியிருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது? சொல்கிறேன். அவசரப்படாதீர்கள்.

என் நண்பன் செல்வத்துக்கு அந்தப் பக்கம்தான் கிராமம். காலேஜில் என்னோடு ஒரே பெஞ்சில் தூங்கியவன். இப்போது உரக்கடை வைத்திருக்கிறான். அவன் தம்பி அழகுபாண்டி ராணுவத்தில் இருக்கிறான். காஷ்மீர் பக்கம் போஸ்டிங் போன இடத்தில் யாரோ காலில் பட்டையை மாட்டிவிட, பையன் பிடித்துக்கொண்டான். மலை உச்சியிலிருந்து சர்ரென்று இறங்குகிற விளையாட்டு என்று நினைக்காதீர்கள். இது க்ராஸ் கன்ட்ரி. மேட்டில் மூச்சுப் பிடித்து ஏறணும், இறங்கணும், சமதரையில் தள்ளித் தள்ளிப் போகணும்... கிலோமீட்டர் கணக்கில். மதுரைக்காரனுக்குத் தேவையா இது?

அவன் அப்பா ராமையாவும் அதைத்தான் கேட்டார். அவருடைய உலகம் வேறு. மாடு, மாடு, மறுபடியும் மாடு. சின்னவன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் "மிலிட்டரி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. பனி இல்லாத ஊரில் பயிற்சி செய்ய, சக்கரம் வைத்த பட்டை ஒன்று இருக்கிறது. போன லீவில் அழகுபாண்டி அதை மாட்டிக்கொண்டு, இரண்டு கம்பையும் தரையில் ஊன்றி ஊன்றி, காலையில் ரோட்டில் போயிருக்கிறான். பின்னால் ஊர் நாய்கள் மொத்தமும். டீக்கடையில் ஒரே சிரிப்பு. "கோயம்புத்தூருக்கு நடந்தே போறியா மாப்ள?" என்று ஒருத்தர் கேட்க, அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ராமையா பாதி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். வீட்டில் மகனிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்.

"அடுத்த தடவ வரும்போது அதக் கொண்டாராத."

ஆனால் மனுஷருக்கு உள்ளுக்குள் ஆசை இல்லாமலா போகும்? சின்னவன் தன் அண்ணன் செல்வத்துக்குப் போன் பண்ணிப் போட்டி விவரம் சொல்லும்போதெல்லாம் இவர் பக்கத்தில் கட்டிலில் படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். ஸ்பீக்கரில் போடச் சொல்ல மாட்டார். செல்வமாகவே போட்டுவிடுவான்.

இந்த விளையாட்டில் ஒரே வகைப் பந்தயம் கிடையாதாம். எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தி மொத்தமாகக் கிளப்புவது ஒன்று. "அது நம்ம மாட்டு வண்டிப் பந்தயம்" என்றார் ராமையா கட்டிலில் இருந்தபடியே. குறைந்த தூரம், நாலைந்து பேராக ஓடவிட்டு வடிகட்டிக்கொண்டே வருவது ஸ்பிரின்ட். "அப்ப அது பூஞ்சிட்டு." (இளங்காளைகளுக்கு நடத்துகிற குறைந்த தூர வண்டிப் பந்தயத்துக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர்.) நேற்றைய பந்தயத்தில் எவ்வளவு முந்தினாயோ, இன்றைக்கு அவ்வளவு முன்னதாகக் கிளம்பலாம் என்று ஒரு வகை. "இது நியாயம்" என்று சர்டிபிகேட் கொடுத்தார். பாதித் தூரம் ஒரு பாணியில் ஓடி, நடுவில் பட்டையைக் கழற்றி வேறு பட்டை மாட்டிக்கொண்டு வேறு பாணியில் ஓடுகிற பந்தயத்தைக் கேட்டதும்தான் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நடுவுல மாட்ட மாத்திக் கட்டிக்கலாமா? இது என்னடா போங்காட்டம்!"

அழகுபாண்டி முதல்முறையாக வெளிநாட்டில் ஓடப்போவது வேறொரு வகை. ஒருத்தர் கிளம்பி, கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்தவர், அப்புறம் அடுத்தவர். ஆளோடு ஆள் மோதுவது கிடையாது. எல்லோருக்கும் கடிகாரம்தான் எதிரி. இதைக் கேட்டதும் ராமையா முகத்தில் வெளிச்சம்.

"ஒண்ணொண்ணா அவுத்து விடுறாங்ஙன்னு சொல்லு. நம்ம வாடிவாசல்!"

அந்தப் புரிதல்தான், அன்பர்களே, பின்னால் வேலையைக் காட்டியது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேஸ். செல்வம் என்னைக் கூப்பிட்டான். "நீ வா மாப்ள, அவிங்ங இங்கிலீஷ்ல என்ன சொல்றாங்ஙன்னு சொல்லு." மதுரை கே.கே. நகரிலிருந்து டூவீலரை எடுத்தேன். இங்கிலீஷுக்காகப் போனேனா, அங்கே கொதிக்கிற மட்டன் குழம்புக்காகப் போனேனா என்பதை உங்கள் யூகத்துக்கு விடுகிறேன். செல்போனில் லிங்க் போட்டு டிவியில் இணைத்திருந்தான். அக்கம்பக்கத்து ஜனம் அத்தனையும் ஹாலில். ராமையா மட்டும் வாசலில் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற பாவனையில் நின்றார். தண்ணி எப்போதோ தீர்ந்துவிட்டது.

முதலில் கிளம்பியதே அழகுபாண்டிதான். போனான், போனான்... மரங்களுக்குள் மறைந்தான். வேறு ஆட்களைக் காட்டினார்கள். மறுபடி அழகுபாண்டி. கடைசி மேட்டில் கால் பின்னுகிறது. கோட்டைத் தாண்டியதும் பனியில் அப்படியே விழுந்தான். எழுந்தான். யாரோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், விளம்பரம் எழுதிய ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டிவியில் அவன் பெயர். பெயருக்கு முன்னால் 1.

அத்தோடு படம் நின்றுவிட்டது. சிக்னல் போச்சு.

எல்லோரும் ராமையாவைப் பார்த்தார்கள். வாடிவாசல் விஷயத்தில் ஊருக்கே அவர் சொல்தான் கடைசி. ஜல்லிக்கட்டில் அடுத்த மாடு வரும்வரை காத்திருக்கிற பேச்சே இல்லையே... பிடிபடாமல் போனால் அந்த இடத்திலேயே மைக்கில் 'மாடு வெற்றி' என்று சொல்லிவிடுவார்கள். கட்டிலோ, சைக்கிளோ, கையில் பரிசு வந்துவிடும்.

"பேரு போட்டு, ஒண்ணு போட்டு, சேர்ல உக்கார வச்சுட்டாங்ஙள்ல?" என்றார் ராமையா. "அப்பறம் என்ன? எம் மகன் ஜெயிச்சுட்டான்."

எம் மகன்! செல்வம் என் தோளைப் பிடித்து அமுக்கினான். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவன் கேட்டு வெகுகாலமாம். வெடி போட்டார்கள். நானும் விசில் அடித்தேன். மறுநாள் விடிவதற்குள் ஃப்ளெக்ஸ் நின்றது. கைகூப்பின போட்டோ வேண்டும் என்று ராமையாவே சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்று எடுத்துக்கொண்டாராம்.

அன்று சாயங்காலம் எனக்கு ஒரு போன். அழகுபாண்டி.

"அண்ணே, நான் ஜெயிக்கலண்ணே."

"என்னப்பா சொல்ற? நாற்காலியில உக்காந்தியே!"

"மொதல்ல கெளம்புனவன் நானு. மொதல்ல வந்து சேந்ததும் நானு. அந்த நேரத்துக்கு யாரு முன்னாடி இருக்காங்களோ அவங்க உக்கார்ற சேருண்ணே அது. அடுத்த ஆளு என்னையவிட வேகமா வந்தாரு. எந்திரிச்சுட்டேன். நல்லா ஓடுறவங்கள எல்லாம் பின்னாடிதான் விட்டாங்க. எல்லாரும் வந்து முடிச்சப்ப... கீழ இருந்து எண்ணுனா நான் சீக்கிரம் வந்துருவேன்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"ஃப்ளெக்ஸ் வாட்ஸப்ல வந்துச்சுண்ணே. அப்பா என்கூட ஒரு போட்டோகூட நின்னதில்ல. அதுல கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாரு. பாத்துட்டு அழுதுட்டேன். அம்புட்டும் பொய்யின்னு இப்ப எப்பிடிச் சொல்றது? பஸ்ஸவிட்டு எறங்குனா அதுக்குக் கீழதான் எறங்கணும். பொங்கலுக்கு லீவு கெடைக்கலன்னு சொல்லிருங்க. நான் வரல."

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். எங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஒரே விசிலுக்குக் கிளம்பியதாகத்தானே நினைத்து ஏசுகிறோம்? பக்கத்து வீட்டுப் பையன் எங்கே போய்விட்டான் பார், நீ எங்கே நிற்கிறாய் பார்... உண்மையில் ஒருத்தன் கிளம்பிய நேரம் வேறு, இன்னொருத்தன் கிளம்பிய நேரம் வேறு. யார் யாரைவிடப் பின்தங்கியிருக்கிறார்கள் என்று நடுவழியில் எப்படிச் சொல்வது?

தத்துவம் இருக்கட்டும். பெரியவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டுமே! செல்வம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். "நீயே பக்குவமாச் சொல்லு மாப்ள. எனக்குத் தெகிரியம் இல்ல."

போனேன். ராமையா காளையைக் கொம்பால் மண்மேட்டைக் குத்தப் பழக்கிக்கொண்டிருந்தார். கயிற்றைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் செல்போனில் அந்த ரேஸை முழுசாகப் போட்டுக் காட்டினேன். நாற்காலி வந்தது. மகன் உட்கார்ந்தான். எழுந்தான், அடுத்தவன் கையைக் குலுக்கி இடம் கொடுத்தான். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அழகுபாண்டியின் பெயர் இரண்டு ஆச்சு, மூன்று ஆச்சு, இறங்கி இறங்கித் திரையை விட்டே போய்விட்டது.

"அவன் பேரு எங்க தம்பி?"

"கீழ போயிருச்சுப்பா."

முகத்தை மாட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். இனி அந்த வீட்டில் பனி என்ற வார்த்தையே வராது என்றுதான் நினைத்தேன்.

"அவன் விழுந்தானே, அதத் திருப்பிப் போடுங்க."

போட்டேன். கடைசி மேடு. கால் பின்னுகிறது, கம்பு நழுவுகிறது, ஏறுகிறான். கோடு. பனியில் விழுகிறான். பையன் முதுகு ஏறி ஏறி இறங்குகிறது.

"மாடு தூக்கிப் போட்டவன்கூட இம்புட்டு மூச்சு வாங்க மாட்டான்" என்றார் மெதுவாக. "அந்தப் பயலுக எல்லாம் எப்ப இருந்து ஓடுறாங்ங?"

"நடக்கப் பழகுனதுல இருந்து. அவங்களுக்கு வாசல்லயே பனிப்பா."

"நம்ம வாசல்ல சாணிதான கெடந்துச்சு." செல்போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவன் அந்தச் சேர்ல உக்காந்தப்ப அவனுக்கு முன்னால எவனும் இல்லையில்ல?"

"இல்லப்பா."

"அது பொய்யில்லையே?"

"பொய்யில்ல."

"டேய் செல்வம்! ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனப் போடு."

செல்வம் தயங்கினான். "எறக்கச் சொல்லவாப்பா?"

"எதுக்கு எறக்குற? ரெண்டு வார்த்த சேக்கச் சொல்லு."

அந்த ஸ்டிக்கர்தான். 'முதலிடம்' என்பதற்கு முன்னால், கோணலாக, வேறு கலரில்: 'சற்று நேரம்'.

'சர்வதேசப் பனிச்சறுக்குப் போட்டியில் சற்று நேரம் முதலிடம் வகித்த எங்கள் அழகுபாண்டியே வருக வருக!'

இவ்வளவு நேர்மையான ஃப்ளெக்ஸை மதுரை ஜில்லாவில் நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. நம்மைச் சுற்றி எத்தனை நாற்காலிகளுக்கு இந்த ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்...

அழகுபாண்டிக்கு நானே போன் பண்ணினேன். அப்பாவுக்கு எல்லாம் தெரியும், வரச் சொல்கிறார் என்று மட்டும் சொன்னேன். போகிப் பண்டிகை அன்று பஸ்ஸை விட்டு இறங்கினான். நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டான். டீக்கடைக்காரர் விடுவாரா?

"என்ன மாப்ள, எம்புட்டு நேரம்?"

"மூச்சு வாங்குன நேரம்தாண்ணே."

கடையே சிரித்தது. போன தடவை சிரித்த சிரிப்பு இல்லை இது. ராமையா மகன் தோளில் இருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

வீட்டு வாசலில், காளை கட்டியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் சேர் கழுவித் துடைத்துப் போட்டிருந்தது. ராமையா நிற்கும்போது அந்த வீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை. அழகுபாண்டியும் நின்றான்.

"உக்காருடா" என்றார் அப்பா. "ஒன்னய எந்திரிக்கச் சொல்லி இங்க பின்னாடி எவனும் வரல."