முழங்கால் ஆழத்தில் மிதக்கும் படகு

இன்று காலை ஒரு பழைய பாய்ப்படகு வாங்கப் போனேன். இங்கே புறநகரான வென்ட்வேர்த்வில்லில் இருந்து நண்பன் ரூபனையும் கூட்டிப் போனேன். அகதியாகப் படகில் வந்தவன், படகைப் பற்றித் தெரிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

"அண்ணை, நான் அடித்தட்டில தலை சுத்தி, சத்தி எடுத்துக்கொண்டு வந்தனான். அந்தப் படகு என்ன வடிவம் எண்டே எனக்குத் தெரியாது" என்றான் காரில்.

இங்கே வந்து இறங்கிய பிறகு அவன் கடலில் கால் வைத்ததில்லை. ஆனால் இந்தப் படகை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். அவன் ஏறாவிட்டால் எனக்கும் படகு இல்லை.

விற்பவர் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. குடாவின் ஓரத்தில், முழங்கால் அளவு தண்ணீரில் படகை விட்டிருந்தார். கயிற்றை இழுத்ததும் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகை மேலேறி உள்ளே போனது. படகு தரை தட்டாமல் மிதந்தது. ஆழமில்லாத இடங்களில் திரிய எனக்கு வேண்டியது இதுதான்.

ரூபன் கரையிலேயே நின்றான். "கவிழ்ந்தால் என்ன செய்யிறது எண்டு கேளுங்கோ."

கேட்டேன். அந்த அம்மா யோசிக்கவேயில்லை.

"எழுந்து நில்லுங்கள்" என்றார்.

ரூபனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்தபடியே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. படகை வாங்கிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அவன் மனைவி அவனுக்குப் போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்க நிக்கிறியள்?"

"படகில இருக்கிறன்."



"இனி எந்த நாட்டுக்கப்பா?"

ரூபன் போனை என்னிடம் நீட்டினான். உங்களிடம் நல்ல பதில் இருந்தால் கீழே எழுதுங்கள்.