தகரக்கடையை விரட்டிய ரஞ்சிதம்

பெங்களூர் மர்பி டவுனில் ரஞ்சிதத்தின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. குழாயடியில் அவள் குடத்தை முந்திக்கொண்டு ஒரு குடம் போய்விட்டால் போதும், அந்தக் குடத்துக்காரியின் ஏழு தலைமுறையும் அன்றைக்குத் தெருவில் நாறிவிடும். அதற்காக அவளைக் கெட்டவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிரசவம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பவள் அவள். சாவு விழுந்த வீட்டில் கடைசியாகக் கிளம்புகிறவளும் அவள்தான். அவளால் ஆகாத காரியம் ஒன்றே ஒன்று. எதிராளி பேசுவதை முழுசாகக் கேட்கிற பொறுமை அவளுக்கு இல்லை. அந்த ஒரு குறை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் இந்தக் கதை.

அவள் புருஷன் ஜெயவேலு கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். நல்ல உழைப்பாளி. தேசத்துக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் குழிக்குள் பாறை வெடித்துச் சரிந்ததில் அவருடைய இடது கால் முழங்காலோடு போயிற்று. கூட வேலை செய்த அய்யாவு என்கிற கூட்டாளி அதிலேயே போய்விட்டான். காலில்லாதவனுக்குக் குழியில் என்ன வேலை? மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு இருவரும் பெங்களூர் வந்தார்கள். ரஞ்சிதத்துக்கு ரயில்வேயில் ரிட்டயர்டான கிளாரன்ஸ் துரை வீட்டில் சமையல் வேலை கிடைத்தது. காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடுவாள். குழந்தை குட்டி இல்லை. ஒற்றை அறை வீடு. தெருவைப் பார்த்த ஜன்னல், அதில் இரும்புக் கம்பிகள், அதன் கீழே ஒரு கயிற்றுக் கட்டில். அந்தக் கட்டில்தான் ஜெயவேலுவின் உலகம்.

தங்கவயல் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. குழியில் நடந்ததைக் குழியோடு விட்டுவிட்டு வரவேண்டும். வீட்டுக்குள் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. பெண்டாட்டி கேட்கவும் மாட்டாள், புருஷன் சொல்லவும் மாட்டான். பேசினால் ஆகாது என்று ஒரு பயம். ரஞ்சிதம் சுரங்கக்காரன் மகள், சுரங்கக்காரன் பெண்டாட்டி. ஊரையே கேள்வி கேட்டுத் துளைக்கிற அவள், கால் போன அன்றைக்கு உள்ளே என்ன நடந்தது என்று புருஷனிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அவரும் வாயைத் திறந்ததில்லை. ராத்திரி தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவார். தண்ணீர் கொடுப்பாள். குடித்துவிட்டுப் படுப்பார். அவ்வளவுதான்.

இப்படி ஏழெட்டு வருஷம் ஓடின பிறகு எதிர் வீட்டில் நோயல் வந்து சேர்ந்தான். லட்சுமம்மா மாட்டுக்காரிக்குச் சொந்தமான அறை அது. அவள் தெருவுக்கே பால் ஊற்றுகிறவள். நோயல் தகர வேலைக்காரன். டிரங்குப் பெட்டி, வாளி, முறம், கல்யாண வீட்டு அண்டாவுக்கு மூடி என்று எல்லாம் செய்வான். அமைதியான பையன். ஆனால் அவன் தொழில் அமைதியானதா? காலையில் சுத்தியலை எடுத்தால் டங், டங், டங் என்று பொழுது சாயும் வரை தகரத்தைப் போட்டு அடித்துக்கொண்டே இருப்பான். ரஞ்சிதத்துக்குச் சோறு இறங்கவில்லை. தலைக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து அடிக்கிற மாதிரி இருந்தது.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். ஒரு நாள் மத்தியானம் வேலையிலிருந்து திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜெயவேலு கட்டிலில் சாய்ந்தபடி கையில் இரும்புக் கரண்டியை வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தார். எதிரே நோயல் டங் டங் என்றால் இங்கே இவர் டிங் டிங். கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது.

"இன்னாய்யா இது, சின்னப் பையனாட்டம்?"

அவர் கரண்டியைப் போர்வைக்கு அடியில் ஒளித்துவைத்தார். "சும்மாதான் ரஞ்சிதம்."

சும்மாவா? மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். காலைத்தான் குழி தின்றது, மிச்சமிருக்கிற புத்தியை இந்தத் தகரக்காரன் தின்கிறான் என்று ரஞ்சிதம் முடிவு கட்டிவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நேரே எதிர் வீட்டுக்குப் போனாள்.

"ஏண்டாப்பா, உனுக்குத் தகரம் அடிக்கிறதுக்கு வேற எடமே கெடக்கலியா? ஊனமான மனுசன் படுத்துக்கினு கீறாரு. அவுரு பைத்தியம் புடிச்சி சாவணுமா?"

"அக்கா, அவரு ஒண்ணும்..." என்று நோயல் ஆரம்பித்தான்.

"அக்கா சொக்காலாம் வாணாம். சத்தம் கேக்கக் கூடாது. சொல்ட்டேன்."

பாவம், பயந்துவிட்டான். மறுநாளே தகரத்துக்கு அடியில் சாக்கை நாலாக மடித்துப் போட்டான். சத்தம் பாதியாகக் குறைந்தது. வேறொருத்தியாக இருந்தால் நிம்மதியாகியிருப்பாள். ஆனால் ஜெயவேலுவோ முன்னைவிட மோசமானார். காதை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பி வைத்தார். கரண்டியால் ஓங்கித் தட்டினார். சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுத் தட்டினார். ரஞ்சிதம் தலையில் அடித்துக்கொண்டாள். வியாதி முற்றிவிட்டது, இனிமேல் இந்தக் கடை இந்தத் தெருவிலேயே இருக்கக் கூடாது என்று கச்சை கட்டினாள்.

எங்கே அடித்தால் விழும் என்று அவளுக்குத் தெரியும். லட்சுமம்மாவின் சிவப்பு மாடு அந்த மாதம் பாலைக் குறைத்திருந்தது. வைக்கோல் விலை, கன்றுக்கு வயசு, காரணம் எத்தனையோ. ரஞ்சிதம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

"லட்சுமம்மா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. வாயில்லாத ஜீவன். நாள் பூரா காதுல இடி விழுந்தா அது எப்டி பால் எறக்கும்?"

லட்சுமம்மா கறக்கிற கையை நிறுத்தினாள். "அய்யோ ராமா! நிஜமாலுமா? அதான் ரஞ்சிதம், நானும் இன்னாடா இதுன்னு யோசன பண்ணிக்கினே கீறேன்!"

அப்புறம் என்ன? அந்த மாசத்தோடு அறையைக் காலி பண்ணு என்று நோயலுக்குச் சொல்லியாகிவிட்டது. அவன் கெஞ்சினான். மாட்டின் மேல் சத்தியம் பண்ணாத குறையாக லட்சுமம்மா மறுத்துவிட்டாள்.

கிளம்புகிற அன்று நோயல் ரஞ்சிதத்தின் வாசலுக்கு வந்தான். ஜெயவேலு உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் ஆனேக்கல்ல மச்சான் வூட்டாண்ட கடை போடறேன். போறேன், பரவால்ல. ஆனா அண்ணனப் பத்தி ஒரு வார்த்த சொல்லிட்டு..."

"உன் வார்த்தையும் வாணாம், வம்பும் வாணாம். நல்லபடியா போய்ச் சேரு." கதவைச் சாத்தினாள். வெளியே கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு அவன் போய்விட்டான். பெட்டி ஏற்றிய வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது. ரஞ்சிதத்துக்கு ஜெயித்த சந்தோஷம். அன்றைக்குப் புருஷனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரும் நேரம். எப்போதும் அந்த நேரத்தில் அவள் தெருக்கோடியில் குடத்தோடு நிற்பாள். அன்று பக்கத்து வீட்டுக்காரி ஒரு குடம் கொடுத்துவிட்டதால் வீட்டில் இருந்தாள். விளக்கு வைக்கிற வேளை. ஜெயவேலு எழுந்து உட்கார்ந்து கரண்டியை எடுத்தார். கம்பியில் மூன்று தட்டு. காத்திருந்தார். மறுபடி மூன்று தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்டார். எதிரே பூட்டின கதவு. இன்னொரு முறை மூன்று தட்டினார். பிறகு கரண்டி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

"நின்னு போச்சி," என்றார்.

அவர் முகத்தை அப்படி அவள் ஒரு முறைதான் பார்த்திருந்தாள். குழியிலிருந்து தூக்கி வெளியே படுக்கவைத்த அன்றைக்கு.

கருவாட்டுக் குழம்பு ஆறிப்போனது. அன்றும் சாப்பிடவில்லை, மறுநாளும் இல்லை. பேச்சும் இல்லை. வீடு அமைதியாக இருந்தது. அவள் கேட்ட அமைதிதான். நாலைந்து நாள் பார்த்தாள். தாங்கவில்லை. சாயங்காலம் அவர் கண்ணில் படாமல் தெருப்பக்கம் போய், எதிர் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளில் தோசைத் திருப்பியால் மூன்று தட்டுத் தட்டினாள். அவள் வீட்டுக்குள்ளிருந்து ஜெயவேலுவின் குரல் வந்தது.

"ரஞ்சிதம், நீ வா உள்ள. நீ தட்டாத. நீ குழிக்கு மேல இருக்கிறவ."

அவளுக்கு என்ன அர்த்தம் என்று புரியாமலே அழுகை வந்தது. மறுநாள் துரை வீட்டுக்கு வரமுடியாதென்று சொல்லிவிட்டு ஆனேக்கல் பஸ் ஏறினாள்.

நோயல் கோபிக்கவில்லை. அவள் திட்டின திட்டுக்கு அவன் கோபித்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். காபி வாங்கிவரச் சொன்னான். அவள் வீட்டில் நடந்ததைச் சொல்லி முடித்ததும் சொன்னான்.

"அதத்தான் அக்கா அன்னிக்கு சொல்ல வந்தேன். நீங்க வேலைக்குப் போயிருந்தப்ப அண்ணன் ஜன்னலாண்ட கூப்ட்டு சொன்னாரு. கால் போன அன்னிக்கி குழியில பாறை விழுந்தப்ப அண்ணன் இந்தப் பக்கம், அய்யாவுன்னு ஒருத்தர் அந்தப் பக்கமாம். இருட்டு. கத்துனா கேக்காது. காத்துக் குழாய்ல கல்லால தட்டுவாங்களாம். மூணு தட்டுனா 'உயிரோட கீறேன்'னு அர்த்தமாம். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி தட்டிக்கினே இருந்தாங்களாம். அப்பறம் அந்தப் பக்கம் தட்டு நின்னு போச்சாம்."

ரஞ்சிதம் காபியைத் தொடவில்லை.

"என் சுத்தி சத்தம் கேட்டா மனசு அடங்குதுன்னாரு அக்கா. நீ அய்யாவு இல்லன்னு தெரியும்பா, ஆனா எதுத்தாப்ல ஒருத்தன் தட்டிக்கினு கீறான் இல்ல, அது போதும்னாரு. கடை மூடறப்ப நான் மூணு தட்டு தட்டுவேன். அவரும் தட்டுவாரு. நீங்க தண்ணிக்குப் போயிருப்பீங்க. அதுக்கப்புறம் தூக்கம் வருதுன்னு சொல்வாரு."

உண்மைதான். நோயல் வந்த பிறகு ராத்திரியில் அவர் திடுக்கிட்டு எழவில்லை. தண்ணீர்ச் செம்பு காலையில் வைத்தபடியே நிறைந்து இருந்தது. அதை அவள் கவனித்திருந்தாள். குழியின் ஞாபகம் மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். அடிப் பாவி, அடிப் பாவி என்று ஆனேக்கல் தெருவில் நின்று தன்னையே வைதுகொண்டாள். ஊரையெல்லாம் திட்டிய வாய்க்கு அன்றைக்குத்தான் சரியான ஆள் கிடைத்தாள்.

"வந்துடுடா நோயலு. லட்சுமம்மா கால்ல நான் வுழறேன்."

"எப்டி அக்கா வர்றது? அந்த ரூம்ல இப்ப வேற ஆள் வெறகு அடுக்கி வெச்சிக்கிறாரு. இங்க மச்சான் கூட கூட்டு சேந்துட்டேன். ஆனா ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிச்சிட்டு வர்றேன்."

சொன்னபடி வந்தான். சுத்தியலோடும் ஒரு துண்டுத் தகரத்தோடும் வந்தான். எதிர் வீட்டு வாசலில் குந்திக்கொண்டு சாயங்காலம் வரை சும்மாவே தகரத்தை அடித்தான். விளக்கு வைக்கும் வேளையில் மூன்று தட்டினான். ரஞ்சிதம் அறை மூலையில் நின்றாள். ஜெயவேலு கரண்டியை எடுத்தார். திரும்ப மூன்று தட்டினார். அவளுக்கு உயிர் வந்தது. கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மனசு ஆறிச்சாய்யா?"

ஜெயவேலு அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கோபமில்லை. அவருக்கு அவள் மேல் என்றைக்குமே கோபம் வந்ததில்லை.

"நல்ல பையன். அவன் மனசு நோவக் கூடாதேன்னு தட்டுனேன்," என்றார். "முன்னாடி அவன் வேலைக்குத் தட்டுனான் ரஞ்சிதம். எதுக்க ஒருத்தன் உயிரோட வேலை செய்யறான்னு கேக்கும். இப்ப எனக்காகத் தட்டுறான். சாவுற ஆளுக்குத் தட்டுற மாதிரி கீது."

வருஷக்கணக்காகக் கட்டிக் காத்த வழக்கத்தை அன்றைக்கு அவள் உடைத்தாள். "அன்னிக்கி உள்ள இன்னாய்யா நடந்துச்சி? சொல்லு. நான் கேக்கறேன்." அவர் அவள் கையை மெல்ல விட்டார். "இன்னும் இன்னா இருக்குது சொல்றதுக்கு," என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நோயல் வந்து பாடைக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தான். சிவப்பு மாடு கடைசிவரை பாலைக் கூட்டவே இல்லை. லட்சுமம்மா அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள்.

ரஞ்சிதம் தனியாக அந்த வீட்டிலேயே இருந்தாள். குழாயடிச் சண்டைகளை விட்டுவிட்டாள். யாராவது பேச வந்தால் அவர்கள் முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருப்பாள். ரஞ்சிதத்துக்கு வயசாகிவிட்டது என்று தெருவில் சொன்னார்கள். அவள் மறுக்கவில்லை.

சில வருஷம் கழித்து எதிர் அறையில் மைக் செட் வாடகைக் கடை வந்தது. பொழுதன்றைக்கும் ஒலிபெருக்கியைத் தெருப்பக்கம் திருப்பிவைத்து 'ஹலோ, மைக் டெஸ்ட்' என்று கத்தினார்கள். குழந்தைகள் தூங்கவில்லை, பெரியவர்கள் பேச முடியவில்லை. தெருப் பெண்கள் பக்கத்து வீட்டுப் பாகீரதியை முன்னால் விட்டுக்கொண்டு ரஞ்சிதத்திடம் வந்தார்கள்.

"அக்கா, நீங்க வந்து ஒரு வாய் போட்டா போதும். அந்தத் தகரக்காரன ஒரே மாசத்துல தொரத்துனீங்களே!"

ரஞ்சிதம் அவள் சொன்னதை முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு எதிர்க் கடையைப் பார்த்தாள்.

"என்னைக் கூப்பிடாதீங்கடி. நான் ஒருத்தனத் தொரத்தல, ரெண்டு பேரத் தொரத்திட்டேன்," என்றாள். "மொதல்ல உங்க உங்க வூட்டுக்குப் போங்க. உள்ள படுத்துக்கினு கீறவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு, அப்பறமா வாங்க."