சரணை விலக்கும்படி நாங்கள் செய்த ஜெபம்

அன்பான சபையாருக்கு, சிங்கப்பூர் மார்சிலிங் ஜெபக்குழுவிலிருந்து எஸ்தர் எழுதுகிறேன். கர்த்தர் எங்கள் வீட்டுக்கு உதவி செய்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படிச் செய்தார் என்று கேட்டால்தான் குழம்பிப் போகிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். புரிந்தவர்கள் எனக்கும் சொல்லுங்கள்.

போன வருடம் ஈஸ்டர் முடிந்த கையோடு என் ஒரே மகன் டேனியல் தொழிற்கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டான். முதல் வருடம்கூட முடியவில்லை. காலையில் எழுப்பினால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். மதியத்துக்கு மேல் எழுந்து, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடுவான். என்னடா என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்பான். கல்லூரியிலிருந்து கூப்பிட்டு, இப்படியே போனால் பெயரை எடுத்துவிடுவோம் என்றார்கள். நான் ஒரு பல் மருத்துவமனை கவுண்டரில் வேலை செய்கிறேன். வருகிறவர்களிடம் சிரித்துப் பேசிவிட்டு, உள்ளே போய் அழுவேன். பேருந்து ஓட்டும் என் கணவர் முதலில் திட்டிப் பார்த்தார், பிறகு கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் மகனோடு பேசுவதையே விட்டுவிட்டார். வீட்டில் மூன்று பேர் இருந்தும் தொலைக்காட்சி மட்டும்தான் பேசியது.

கீழே டேனியலோடு எப்போதும் ஒரு பையன் இருப்பான். பெயர் சரண். பக்கத்து புளோக். இருபது வயது இருக்கும். தலைமுடியில் செம்பட்டைச் சாயம், கழுத்தில் பச்சை குத்தியிருந்தான். என்னைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்வான். அதுகூட எனக்கு நடிப்பாகத்தான் பட்டது. என் பிள்ளையைக் கெடுப்பது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் கிரேஸ் அக்காவுக்குப் பொத்தாம்பொதுவாக ஜெபிப்பது பிடிக்காது. எதையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்பார். நான் பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், சரண் என்கிற அந்த வாலிபனை டேனியலைவிட்டுத் தூரமாக விலக்கிவிடும் என்று எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபித்தோம். சிலர் உபவாசம் இருந்தார்கள். நான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை காலை வாசலில் அந்தச் சரணே வந்து நின்றான். டேனியல் தூங்குகிறான் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன்.

"எழுப்புங்க ஆன்ட்டி. அவன் வரலைன்னா எனக்கும் ஆப்சென்ட் லா" என்றான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவன் எதற்கு ஆப்சென்ட் ஆகிறான்? உள்ளே போய்ப் பார்த்தால், மாதக்கணக்காக நான் எழுப்பி எழாத பிள்ளை முகம் கழுவிக்கொண்டிருக்கிறான். இரண்டு பேரும் தேக்கா கடைத்தெருவுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த சனிக்கிழமையும் போனார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மூன்றாவது தடவை நானும் கூடவே கிளம்பிவிட்டேன். டேனியலுக்கு முகம் சுருங்கியது. சரண்தான், ஆன்ட்டி வரட்டும் என்றான்.

தேக்காவில் ஒரு பூமாலைக் கடைக்கு மேலே, குறுகலான படியேறிப் போனால் ஒரு பெரிய அறை. நம் தமிழ்ப் பிள்ளைகள் இருபது முப்பது பேர். சிலர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள், சிலர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். படிப்பில் தடுக்கி நிற்கும் நம் சமூகத்து இளையர்களுக்கான திட்டம் அது. பாடம் சொல்லிக் கொடுக்க வேலைக்குப் போகும் அண்ணன்களும் அக்காக்களும் வருகிறார்கள். நடத்தும் நித்யா என்கிற பெண் என்னை உட்கார வைத்து விளக்கினார். அங்கே யாரையும் தனியாகச் சேர்ப்பதில்லை, ஜோடியாகத்தான். ஒருவர் வராவிட்டால் இருவரும் வரவில்லை என்றுதான் கணக்கு. ஒரு வருடமாக அங்கே வந்து படிக்கும் சரணின் பழைய ஜோடி படிப்பு முடிந்து போய்விட, புது ஜோடியை நீயே கூட்டி வா என்றபோது, அவன் கூட்டி வந்தது என் மகனை. புளோக்குக்குக் கீழே அத்தனை நாள் உட்கார்ந்து பேசியதெல்லாம் அதற்குத்தானாம்.

திரும்பும்போது ரயிலில் டேனியல் தானாகவே வாயைத் திறந்தான். வகுப்பில் அவன் ஒருவன்தான் இந்தியன். கெட்டவர்கள் என்று யாரும் இல்லையாம். ஆனால் எல்லோரும் சீனத்தில் பேசிச் சிரிப்பார்கள், குழுக்களாகப் பிரியும்போது அவரவர் ஆட்களோடு போய்விடுவார்கள். "நான்தான்மா எப்பவும் மிச்சம்" என்றான். ஆசிரியர் அவனை ஏதாவது ஒரு குழுவில் ஒட்டிவிடுவாராம். ஒரு நாள் அதையும் மறந்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து அவன் போகவில்லை. இதை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொன்னால் ஜெபம் பண்ணு என்பீங்க என்றான்.

நித்யா கல்லூரிக்கு நேரிலேயே போய்ப் பேசினார். அடுத்த சேர்க்கையில் டேனியலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், அதுவரை இந்தச் சனிக்கிழமை வகுப்பைத் தவறவிடக் கூடாது என்றார்கள். நான் சந்தோஷத்தில் அழுதேன். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தது. எல்லோரும் வழக்கம்போல முழங்கால் படியிட்டார்கள், கிரேஸ் அக்கா வழக்கம்போல ஜெபித்தார். என்ன சொல்லித் தடுப்பது? வேண்டாம் என்றால் விளக்க வேண்டும், விளக்க எனக்கே விளங்கவில்லை. சரணை விலக்கிவிடும் என்று அக்கா சொல்ல, பழக்கதோஷத்தில் நானும் ஆமென் என்றேன். இப்படியே சில வாரங்கள் ஓடின.

ஒரு நாள் சாயங்காலம் டேனியல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். சரணின் அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். மார்சிலிங் வீட்டை விற்றாயிற்று. அந்த வாரமே அவன் பிடோக்கில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போகிறான். இனி வருவானோ மாட்டானோ தெரியாது. வேறு ஜோடி தருகிறேன் என்று நித்யா சொன்னாராம். டேனியல், சரண் இல்லையென்றால் நானும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

வடக்குக் கோடியில் மார்சிலிங் எங்கே, கிழக்கில் பிடோக் எங்கே? தூரமாக விலக்கிவிடும் என்று கேட்டோம். விலக்கிவிட்டார். ஒரு குடும்பத்தையே உடைத்து எனக்குப் பதில் கொடுத்தாரா? அப்படி நினைப்பதே பாவமா? செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் கிரேஸ் அக்கா வீட்டுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் கொட்டி, அந்த ஜெபத்தை ரத்து பண்ணுங்கள் அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

எதற்கும் பதில் வைத்திருக்கும் அக்கா அன்றைக்கு விழித்தார். "போட்ட ஜெபத்த எப்படி எஸ்தர் திரும்ப வாங்குறது?" என்று என்னையே கேட்டார். பிறகு இரண்டு பேரும் சமையலறைத் தரையிலேயே முழங்கால் படியிட்டோம். அக்கா, "ஆண்டவரே, நாங்கள் கேட்டதைத் தராதேயும்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் கேட்க எங்களுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை டேனியல் கிளம்ப மாட்டேன் என்றான். நான் விடவில்லை, இழுத்துக்கொண்டு போனேன். ரயில் முழுக்க என்ன ஜெபிப்பது என்று தெரியாமல், கர்த்தாவே கர்த்தாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பூக்கடை வாசலில் சரண் இல்லை. படியிலும் இல்லை. டேனியல் வந்த வழியே திரும்பிவிடப் பார்த்தான். நான் சட்டையைப் பிடித்து மேலே ஏற்றினேன்.

உள்ளே எல்லோருக்கும் முன்னால் வந்து சரண் உட்கார்ந்திருந்தான். பிடோக்கிலிருந்து எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாததால், கதவு திறப்பதற்கு முன்பே வந்துவிட்டானாம். என்னைப் பார்த்து, என்ன ஆன்ட்டி இவ்வளவு லேட்டு என்று கிண்டல் பண்ணினான். நான் அங்கேயே நின்று அழுதேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு மட்டும் என்ன புரிந்தது?

சபையாரே, டேனியல் கல்லூரிக்குத் திரும்பிவிட்டான். அதே கோர்ஸ், வேறு வகுப்பு. குழு பிரிக்கும்போது இப்போது அவனே எழுந்து போய், நானும் வரலாமா என்று கேட்கிறானாம். தேக்கா அறையில் கற்றுக்கொண்டது அது. அப்பாவும் பிள்ளையும் மறுபடி பேசுகிறார்கள். சரண் பகலில் ஒரு மின்தூக்கி நிறுவனத்தில் வேலை கற்றுக்கொண்டே படிக்கிறான். கர்த்தர் செய்த இத்தனைக்கும் நான் எப்படி நன்றி சொல்வேன்!

ஆனால் அவர் என் ஜெபத்தைக் கேட்டாரா, கேட்காமல் விட்டாரா? முதல் ஜெபத்துக்குப் பதில் எது, இரண்டாவதற்குப் பதில் எது? யோசித்தால் தலை சுற்றுகிறது. போதகரிடம் கேட்டேன். அவரும் சிரித்துவிட்டு, எழுதிக் கொடுங்கள் என்றார்.

எழுதிய பிறகு, சரணிடம் சொல்லாமல் கொடுப்பது சரியில்லை என்று தோன்றியது. போன வாரம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கோபப்படுவான், எழுந்து போய்விடுவான் என்று பயந்தேன். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, எத்தனை பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்று கேட்டான். பத்துப் பன்னிரண்டு பேர் என்றேன்.

"வாரா வாரம் அத்தனை பேரும் என் பேரச் சொன்னீங்களா ஆன்ட்டி?"

உன்னை விலக்கத்தான் சொன்னோம் தம்பி, நல்லதுக்கு இல்லை என்றேன்.

"பரவால்ல ஆன்ட்டி. எங்க வீட்டுல அவங்க சண்டைதான் அவங்களுக்கு. எனக்காக யாரும் சாமிகிட்ட எதுவும் சொன்னதில்ல" என்றான். பிறகு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.

பிள்ளைகளை நினைத்து அழுகிறவர்களே, நீங்களும் கேளுங்கள். என்ன கேட்பது என்று தெரியாவிட்டாலும் கேளுங்கள், தப்பாகக் கேட்டாலும் கேளுங்கள். நான் இத்தனை நாள் என் மகனுக்காகத்தான் ஜெபித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கர்த்தர் யாருடைய பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு இப்போதுதான் லேசாகத் தெரிகிறது.